பதினொன்றாம் பக்கம்

பெயிண்டர் வீட்டுக் குளியலறையில் வாளிக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு கேன்கள் இருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவற்றுக்கு வேலை. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட வேண்டும். அதற்கு அப்புறம் மறுநாள் காலை வரை ஒரு சொட்டு வீணாகாமல் அந்தக் கேனில் பிடித்து வைக்க வேண்டும். பெரியவளுக்கு ஒரு கேன், சின்னவளுக்கு ஒரு கேன். ஆஸ்பத்திரியில் கொடுத்தபோது கேனின் மேல் பேர் இல்லை, எண் மட்டும் ஒட்டியிருந்தது. ஈரம் பட்டு எண் அழிந்துவிடும் என்று பெயிண்டர் தன் கையாலேயே பெரியவள் கேனில் ஒரு நீலக் கோடும் சின்னவள் கேனில் ஒரு பச்சைக் கோடும் இழுத்திருந்தார். ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருக்கும். வெறும் கை.

“அக்கா, இன்னிக்கி உன் கேன் துணி ஊற வெச்ச மாதிரி நுரைக்குது.”

“உன் கேனப் பாத்துக்கிட்டு வெளிய வாடி. வேலைக்கிப் போற மாதிரி உள்ள போயி உக்காந்துக்கிட்டு.”

“எனக்கு என்ன, நான் சின்ன கம்பெனி. உன்னுது பெரிய கம்பெனி. உற்பத்தி அதிகம்.”

இது அந்த வீட்டில் சாதாரணமாக நடக்கும் பேச்சு. எங்கள் கட்டடத்தில் கீழே என் ஜெராக்ஸ் கடை, மேலே அவர்கள் வீடு. மாடிப்படி கடையை ஒட்டிப் போகிறது. அதனால் அவர்கள் சிரித்தாலும் எனக்குக் கேட்கும், சிரிக்காவிட்டாலும் தெரியும். மற்றதெல்லாம் பெயிண்டரும் அவர் சம்சாரமும் பிற்பாடு சொன்னது.

பெரியவளுக்கு அப்போது இருபது வயது. சட்டை தைக்கும் கம்பெனியில் பொத்தான் சரிபார்க்கும் வேலை. பதினேழு வயதில் ஒருநாள் காலையில் கண் இரண்டும் வீங்கி எழுந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்து அவள் அம்மா, “எவன்டி?” என்று கேட்டாளாம். எவனும் இல்லை. சிறுநீரகம். உடம்புக்கு வேண்டிய சத்தைப் பிடித்து வைக்க வேண்டிய சல்லடையில் ஓட்டை விழுந்து, சத்து எல்லாம் சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது. அதுதான் அந்த நுரை. லட்சத்தில் ஒருவருக்கு வருவது என்றார்கள். நோயின் பேர் ஒரு வரி நீளம். அந்த வீட்டில் யாரும் அதை முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை, ‘சல்லடை’ என்றுதான் சொல்வார்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம் என்று எட்டாவது படித்துக்கொண்டிருந்த சின்னவளையும் சோதித்தார்கள். இருந்தது.

“பாதி கோளாறு அப்பாகிட்ட இருந்து, பாதி கோளாறு அம்மாகிட்ட இருந்து. உங்க ரெண்டு பேரையும் அது ஒண்ணும் பண்ணாது. ரெண்டு பாதியும் ஒரு குழந்தைகிட்ட சேந்தாத்தான் நோய்” என்று டாக்டரம்மா சொன்னார். நல்ல மாதிரி. யார் மேலும் குற்றம் இல்லை என்று சொல்வதற்காகத்தான் சொன்னார். பெயிண்டரும் அவர் சம்சாரமும் அன்றைக்கு பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் உப்பு குறைந்தது. முதலில் அம்மாக்காரி இரண்டு பானையில் சமைத்தாள். பிள்ளைகள் உப்பில்லாமல் சாப்பிடும்போது நமக்கு எதற்கு என்று ஒரே பானை ஆக்கிவிட்டாள். அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், நாள் முழுக்க வேர்க்கும், அவளுக்கு உப்பு வேண்டும். ஆனாலும் சாப்பிடமாட்டாள். பெயிண்டர்தான் சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலத்தில் உப்பு கொண்டுபோய் வேலை இடத்தில் போட்டுக்கொள்வார். ஒருநாள் துணி ஊறவைக்கும்போது சின்னவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“அப்பா பையில தூளு. அம்மா, அப்பா கெட்டுப் போயிட்டாரு.”

“அது சுவத்துல பூசற பட்டி மாவும்மா.”

“பட்டி மாவு கரிக்குமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அடுத்த நாளிலிருந்து பொட்டலத்தை வேலை இடத்திலேயே சாரத்துக் கம்பில் செருகி வைத்துவிட்டு வந்தார்.

புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னது பெரியவளுக்கு நோய் வந்த மூன்றாவது வருடம். இந்த நோய்க்கென்றே கண்டுபிடித்தது. எல்லா நாட்டிலும் சேர்த்து அறுபத்திரண்டு பேருக்குத்தான் இடம், இங்கே மூன்று பேர், அதில் இரண்டு பேர் இந்த வீட்டில். அப்போது பெரியவளுடைய சிறுநீரகம் நூற்றுக்கு நாற்பத்தெட்டு பங்கு வேலை செய்துகொண்டிருந்தது. சின்னவளுக்கு எண்பத்தொன்று.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடியில் கடைசி அறை. ஒரு ஃபிரிட்ஜ், ஒரு எடை மிஷின், நாலு நாற்காலி. ஆய்வு வேலையைப் பார்க்கும் நர்ஸ் ஒருத்தி. மாத்திரையை ஒவ்வொன்றாக எண்ணி வாங்குவதால் பிள்ளைகள் அவளுக்குக் கணக்கு சிஸ்டர் என்று பேர் வைத்திருந்தார்கள். சம்மதத் தாள் இருபத்திரண்டு பக்கம். எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், அது சட்டம்.

நாலாவது பக்கத்தில் கணக்கு சிஸ்டர் சொன்னாள்: “இதுல பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு மருந்து இல்லாம வெறும் மாவு அடைச்ச காப்ஸ்யூல். பாக்குறதுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் சீட்டு போட்டுடும். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.”

“உங்களுக்கே தெரியாதா?” என்றாள் அம்மாக்காரி.

“தெரிஞ்சா எங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்மா. அப்புறம் நல்லா இருக்கற மாதிரி உங்களுக்கே தோணும். மருந்து வேல செய்யுதா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியாது.”

பெயிண்டர் கேட்டார்: “ரெண்டு பேரும் ஒரே பக்கம் வர்ற மாதிரி பண்ண முடியாதுங்களா? ஒரே வயித்துல பொறந்ததுங்க.”

“தனித்தனியாத்தாண்ணே சீட்டு விழும். ஒரே பக்கமும் வரலாம், வேற வேற பக்கமும் வரலாம்.”

“வேற வேற பக்கம் வந்தா?”

“வந்தா வந்ததுதான். மாத்த முடியாது. ஒருத்தர் டப்பாவ இன்னொருத்தர் தொடக் கூடாது. அது ரொம்ப முக்கியம்.”

பெயிண்டர் தலையாட்டினார். ஆனால் அவர் மனசு அந்த நாலாவது பக்கத்தோடு நின்றுவிட்டது. கண் மேலே போனது. கூரை மூலையில் ஓதம் அடித்து ஒரு தட்டு அகலத்துக்குச் சுண்ணாம்பு உப்பிக்கொண்டிருந்தது. மேல் மாடியில் குழாய் கசிகிறது. பெயிண்ட்டை மட்டும் அடித்தால் நிற்காது, சுரண்டி எடுத்துக் காய விட்டு, பட்டி பார்த்து, அப்புறம் ரெண்டு கோட்டு. இப்படி அவர் மனசுக்குள் வேலையை முடித்துக்கொண்டிருந்தபோது கணக்கு சிஸ்டர் பதினொன்றாம் பக்கத்தைப் படித்தாள். ஒரு வருடம் ஒழுங்காக முடித்தவர்களுக்கு, சீட்டில் எது விழுந்திருந்தாலும் சரி, மறுநாளிலிருந்து எல்லோருக்கும் அசல் மருந்து கொடுப்பார்கள் என்பது அந்தப் பக்கம். அம்மா காது கொடுத்துக் கேட்டாள். பெரியவள் கேட்டாள். பெயிண்டர் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் கையெழுத்துப் போட்டார். அதிலும் போட்டார்.

மூன்று மாதம் எதுவும் தெரியவில்லை. நாலாவது மாதம் சின்னவள் கேனில் நுரை குறைந்தது. குலுக்கிப் பார்த்தால்கூட ஓரத்தில் ஒரு வளையம்தான். பெரியவளுக்கு அப்படியே இருந்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாகவே நிற்கும். ஆஸ்பத்திரியில் வழக்கமாக எடுக்கும் ரத்தத்தில் அவளுடைய சிறுநீரகத்தின் எண் நாற்பத்தெட்டிலிருந்து நாற்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது.

“எனக்கு மாவுதாம்மா” என்றாள் பெரியவள். காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள், பஸ் போயிடுச்சு என்று சொல்வதைப் போல.

“நீயா எதையாவது சொல்லாத.”

“நான் சொல்லல, கேன் சொல்லுது.”

சின்னவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினாள். “அக்கா, என்னுத நீ சாப்புடு. எனக்கு எண்பது இருக்கு. ஒரு வருஷம் போனா என்ன ஆயிடும்?”

“டப்பாவத் தொட்டேன்னா கை ஒடையும்.”

“நெஜமாத்தான் சொல்றேன்.”

“நானும் நெஜமாத்தான் சொல்றேன். வாங்கிச் சாப்புட்டுட்டு நாளைக்கி உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் எப்பிடிடி இருக்கறது? போய்ப் படி. இன்னும் ஏழெட்டு மாசம்தான. நான் இருந்துக்குவேன்.”

பெயிண்டர் வாசல்படியில் உட்கார்ந்து விரலிடுக்கில் இருந்த பெயிண்ட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ‘இன்னும் ஏழெட்டு மாசம்தான’ என்று மகள் சொன்னதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். ஏழெட்டு மாதத்தில் சோதனை முடிந்துவிடும், டப்பாவும் நின்றுவிடும், அதுவரை மாவைத் தின்றுகொண்டு இருக்கிறேன் என்று பிள்ளை சொல்கிறாள் என்று நினைத்தார். அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாது.

அந்த வாரம் அவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் நீளமான சுற்றுச்சுவர் வேலை. கூட வேலை செய்கிறவர் பத்து வருடப் பழக்கம், உயரமான மனிதர், ஏணி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மத்தியானம் பெயிண்டர் சாமான் வாங்கப் போய்விட்டு வந்து பார்த்தால் ஏணி இரண்டாவது டின்னை உடைத்துப் பாதிச் சுவர் அடித்திருந்தார். வெயில் நேராக அடித்தது. சுவரின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒரு மஞ்சள், அந்தப் பக்கம் ஒரு மஞ்சள்.

“என்னய்யா பண்ணி வெச்சிருக்க?”

“ஒரே நம்பர்தாண்ணே. டின்னுல பாரு, ஒரே நம்பர்.”

“நம்பர் ஒண்ணா இருந்தா? டின்னுக்கு டின்னு ஒரு மயிரெழ மாறும்யா. இத்தன வருஷமா என்ன கத்துக்கிட்ட? எத்தன டின்னு இருந்தாலும் எல்லாத்தையும் ஒரே டிரம்முல கொட்டு. அடியில இருந்து கலக்கு. அப்புறம் எடுத்து அடி. சுவரு முழுக்க ஒரே ஷேடா வரும். ஒரு பக்கம் நல்லா, ஒரு பக்கம் மங்கலா இருக்காது.”

“இப்ப என்ன பண்றது?”

“மிச்சத்தையெல்லாம் கொட்டிக் கலக்கு. மறுபடியும் மொதல்ல இருந்து ஒரு கோட்டு.”

சாயங்காலம் சுவர் காய்ந்தபோது ஒரே மஞ்சளாக இருந்தது. பெயிண்டர் எதிர் ஓரத்தில் நின்று ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஏணி பிற்பாடு என்னிடம் சொன்னார். “வேல நல்லா வந்திருக்குன்னு பாக்கறாருன்னு நெனச்சேன் சார்.”

ஐந்தாவது மாதத்துப் புது டப்பாக்கள் வந்த மறுநாள் பெயிண்டர் வேலைக்குப் போகவில்லை. சம்சாரம் சலவைக் கடைக்கும், பெரியவள் கம்பெனிக்கும், சின்னவள் பள்ளிக்கும் போன பிறகு கதவைச் சாத்தினார். சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினார். தன் வேலைச் சாமான் எதையும் எடுக்கவில்லை. சமையலறையில் இருந்து பெரிய சில்வர் கிண்ணத்தை எடுத்து வெந்நீரில் கழுவித் துடைத்தார். இரண்டு டப்பாவையும் அதில் கவிழ்த்தார். ஒவ்வொரு காப்ஸ்யூலும் பாதி வெள்ளை, பாதி சாம்பல். எதைப் பார்த்தாலும் ஒன்று போலத்தான் இருந்தது. பெயிண்ட் கலக்குகிற மாதிரி அடியிலிருந்து மேலே, அடியிலிருந்து மேலே என்று விரலால் கலக்கினார். பிறகு எண்ணித் திருப்பிப் போட்டார். டப்பாவுக்கு அறுபத்திரண்டு. ஒன்று குறைந்தது. உருண்டு பீரோவுக்கு அடியில் போயிருந்தது. டார்ச் அடித்து, முட்டி போட்டு, துடைப்பக் குச்சியால் இழுத்து எடுத்தார். கணக்கு சிஸ்டர் எண்ணுவாளே.

எந்தப் பிள்ளையிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை என்று அவர் நினைத்தார். மாவாக இருந்தால் இரண்டு பேருக்கும் பாதி மாவு. மருந்தாக இருந்தால் இரண்டு பேருக்கும் பாதி மருந்து. ஒருத்தி நல்லாகவும் ஒருத்தி மங்கலாகவும் வீட்டில் நிற்கக் கூடாது. யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் புது டப்பா வந்த மறுநாள் அவருக்கு வேலை இருக்காது.

ஏழாவது மாதம் அம்மாதான் முதலில் கவனித்தாள்.

“என்னங்க, சின்னவளுக்கு மறுபடியும் நுரைக்குதுங்க.”

“பெரியவளுக்கு?”

“அவளுக்குக் கொஞ்சம் தேவல மாதிரி இருக்கு. கால் வீக்கம் வத்தியிருக்கு. என்ன எழவோ ஒண்ணும் புரியல.”

“அப்ப ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு.”

“அதச் சொல்றப்ப உங்க மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?”

“எப்பிடி இருக்கு?”

“சாமான் செட்டெல்லாம் கழுவி வெச்ச மாதிரி.”

எட்டாவது மாதம் முடிகிற சமயம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாலு பேரும் வர வேண்டும் என்றார்கள். பிள்ளைகளின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் ஒரு குழாய் ரத்தம் தூரத்தில் ஒரு லேபுக்குப் போகும். அதன் முடிவு மெதுவாகத்தான் வரும். வந்துவிட்டது.

அதே கடைசி அறை. டாக்டரம்மா மேஜை மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பேசினார்.

“நான் யாரையும் திட்ட வரல. எனக்கு உண்மை மட்டும் வேணும். ரெண்டு பேரு ரத்தத்துலயும் மருந்து இருக்கு. ஒரு ஆளுக்கு இருக்கவே கூடாது. இன்னொரு ஆளுக்கு இருக்க வேண்டியதுல பாதிதான் இருக்கு. டப்பா மாறியிருக்கு. எப்பிடி?”

பெரியவள் தங்கச்சியைப் பார்த்தாள். கேட்காமல் இவள் தன் மாத்திரையை என் டப்பாவில் போட்டுவிட்டாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

“நான்தான் டாக்டர். அவளுக்குத் தெரியாம எடுத்துச் சாப்புட்டேன்.”

“பொய் டாக்டர்” என்றாள் சின்னவள். “நான்தான் மாத்தி வெச்சேன். அக்கா தொடல.”

“வாய மூடுடி.”

“நீ மூடு.”

“ரெண்டு பேரும் சும்மா இருங்க” என்றார் பெயிண்டர். “நான்தான் கலக்கினேன்.”

கணக்கு சிஸ்டர்தான் கேட்டாள், அவளுக்கே ஏன் கேட்டோம் என்று தெரிந்திருக்காது.

“எதுலண்ணே கலக்கினீங்க?”

“சில்வர் கிண்ணத்துல. நல்லா கழுவித்தான் சிஸ்டர்.”

எவ்வளவு நாளாக என்று டாக்டரம்மா கேட்டார். நாலு டப்பா என்றார் அவர். ஏன் என்று கேட்டார். அதற்குச் சுவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், டின்னுக்கு டின் மாறும் என்று. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“இன்னும் நாலு மாசம்தாண்ணே இருந்துச்சு” என்றாள் கணக்கு சிஸ்டர். “நாலு மாசம் பொறுத்திருந்தா ரெண்டு பேருக்குமே முழு மருந்து குடுத்திருப்பாங்களே. நான் படிச்சனே.”

“எப்ப படிச்சீங்க?”

அவள் கோப்பைப் புரட்டி அவர் முன்னால் வைத்தாள். பதினொன்றாம் பக்கம். அடியில் அவர் கையெழுத்து. அவர் அதை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். படித்து முடித்ததும் அவர் கண் தானாகக் கூரை மூலைக்குப் போனது. ஓதம் பெரிதாகிச் சுவர் வரைக்கும் இறங்கியிருந்தது.

“அப்பா, உங்களுக்குத் தெரியாதா?” என்றாள் பெரியவள்.

அவர் தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்துத் தேய்த்தார்.

“தெரியும்னு நெனச்சேன்ப்பா. தெரியும்னுதான் நான் பேசவே இல்ல.”

கம்பெனிக்கு எழுதிப் பார்க்கிறேன் என்று டாக்டரம்மா சொன்னார், எழுதவும் செய்தார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. இரண்டு பேரையும் சோதனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒழுங்காக முடிக்காதவர்களுக்குப் பதினொன்றாம் பக்கமும் கிடையாது. “அறுபத்திரண்டு பேர்ல ரெண்டு பேரோட கணக்கு போச்சு. இது பெரிய நோயா இருந்தா ரெண்டு பேரு போனா தெரியாது. இதுல ஒவ்வொரு ஆளும் கணக்குங்க. உங்கள மாதிரி எங்கயோ இருக்கற பிள்ளைங்களுக்கும் சேத்துத்தான் இது” என்று டாக்டரம்மா சொன்னார். பெயிண்டர் கை கட்டிக்கொண்டு கேட்டார். யாருக்கு எது என்பதையும் அன்றைக்கே பிரித்துச் சொல்லிவிட்டார்கள். சின்னவளுக்கு மருந்து. பெரியவளுக்கு மாவு. அவர் நினைத்தது சரிதான்.

அவர் சம்சாரம் பத்து நாள் அவரிடம் பேசவில்லை. தட்டை வைப்பாள், எடுப்பாள். பதினோராம் நாள் இஸ்திரிக் கடையிலிருந்து வந்து, சுடு பட்ட விரலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப.”

“ஆமா. சொல்லியிருப்பேன்.”

“அதான்.”

“நானும் நெனச்சேங்க.” அவள் விரலைத் தண்ணீரிலேயே வைத்திருந்தாள். “நாலாவது மாசம் நானும் அந்த ரெண்டு டப்பாவையும் கையில எடுத்தேன். எந்தப் பிள்ளகிட்ட இருந்து எடுத்து எந்தப் பிள்ளைக்கிக் குடுக்கறதுன்னு தெரியல. வெச்சிட்டேன். கலக்கலாம்னு எனக்குத் தோணல. தோணியிருந்தா நானும்தான் கலக்கியிருப்பேன்.”

அதற்கப்புறம் அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

சின்னவளுக்கு நுரை பழையபடி ஆனது. பெரியவளுடைய எண் இறங்கிக்கொண்டே வந்தது. முப்பத்தி நாலு, இருபத்தி ஏழு, பத்தொன்பது. முழு மருந்து கிடைத்திருந்தால் நின்றிருக்குமா என்று ஒருநாள் பெயிண்டர் கேட்டதற்கு, “யாருக்கும் தெரியாதுங்க. அதத் தெரிஞ்சிக்கத்தான் சோதனையே” என்றார் டாக்டரம்மா. அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். இவருக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. நின்றிருக்கும் என்று சொன்னால் அழலாம், நின்றிருக்காது என்று சொன்னால் தூங்கலாம். அவர் இரண்டும் இல்லாமல் இருந்தார்.

மறு வருடம் மழைக்காலத்தில் பெரியவளுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். சட்டைக் கம்பெனியில் அவளை நிறுத்திவிட்டார்கள். பெயிண்டர் இரண்டு நாள் கூடப் போவார், ஒரு நாள் அம்மா போவாள். ரத்தம் ஓடும் குழாய் அவள் கையிலிருந்து போய் மிஷினுக்குள் சுற்றித் திரும்பும். ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர். அதை அவள் ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி, கோடு போட்டு, மணிக்கு ஒரு கோடு என்று குடிப்பாள். அந்தக் கோடுகளையும் அப்பாதான் போட்டுக் கொடுத்தார். குளியலறையில் நீலக் கோடு போட்ட கேனுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. சிறுநீரே அனேகமாக இல்லை. அதைத் தூக்கிப் போடச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அப்போதுதான் வேறொரு கம்பெனியின் மருந்து சோதனைக்கு வந்தது. முப்பதுக்கு மேல் எண் இருக்கிறவர்களுக்கு மட்டும். சின்னவளுக்கு அறுபத்தைந்து. முன்பு நடந்ததையெல்லாம் எழுதி, நான் பொறுப்பு என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டு இடம் வாங்கினார். சம்மதத் தாளை ஒரு வாரம் முன்பே வீட்டுக்குக் கொடுத்தார்கள். பெயிண்டர் அதை என் கடைக்குக் கொண்டுவந்தார்.

“சார், இத எழுத்து பெருசா எடுத்துத் தர முடியுமா?”

“எந்தப் பக்கம்ண்ணே?”

“எல்லாப் பக்கமும்.”

இருபத்தாறு பக்கம். பெரிதாக்கினால் ஐம்பத்தி இரண்டு ஆனது. கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு சாயங்காலம் படித்தார். நடுவில் ஏணி வந்து நாளைக்கு எங்கே வேலை என்று கேட்டார். கையைக் காட்டி நிற்க வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை முடித்த பிறகுதான் பதில் சொன்னார்.

அறையில் கணக்கு சிஸ்டர் வாய்விட்டுப் படித்தபோது அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று சின்னவள் சொன்னாள். கூரையை இப்போது சரி பண்ணியிருக்கிறார்கள், மோசமான வேலை, ரோலர் போன தடம் தெரிகிறது, அதைக்கூட அப்பா பார்க்கவில்லை என்றாள். பதினொன்றாம் பக்கம் முடிந்ததும் அவர், “சிஸ்டர், இத இன்னொரு தடவ படிங்க” என்றாராம். அந்தப் பக்கத்தில் இந்த முறை ஒன்றும் இல்லை, ரத்தம் எடுக்கும் இடத்தில் வலிக்கலாம், லேசாகக் கன்றிப் போகலாம் என்று போட்டிருந்தது. அவள் மறுபடி படித்தாள்.

டப்பா வீட்டுக்கு வந்த அன்று பெரியவளுக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். கட்டில் ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சின்னவள் பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே நின்றாள். பெயிண்டர் சமையலறை அலமாரியில் மேல் தட்டைத் துடைத்து அந்த ஒரு டப்பாவை வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் அதை நேராக்கினார். பிறகு இன்னும் கொஞ்சம் நேராக்கினார். பக்கத்தில் பழைய இரண்டாவது டப்பா இருந்த இடம் காலியாக இருந்தது.

“விடுங்கப்பா” என்றாள் பெரியவள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இந்தத் தடவ கலக்கறதுக்கு இன்னொண்ணு இல்ல.”

சின்னவள் சிரிக்கலாமா என்று அம்மாவைப் பார்த்தாள். பெயிண்டர் அலமாரியைப் பார்த்தபடியே நின்றார். அப்புறம் திரும்பி வந்து, பெரியவளுடைய சின்ன பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தார்.

“இன்னும் ரெண்டு கோடு இருக்கும்மா” என்றார். “குடிக்கிறியா?”

“அப்புறம் குடிக்கறேன்ப்பா” என்றாள் அவள்.